அலுமினிய அத்தியாயம்

சன்னல் பக்கம் நீங்களே உக்காருங்க தம்பி. எனக்கு அது ஒத்து வராது. பஸ்ல சன்னல் பக்கம் உக்காந்தா எந்திரிச்சு வர்றதுக்கு இன்னொருத்தர் காலத் தாண்டித்தான் வரணும். அவரு விடலன்னா? இந்தப் பை மடியிலயே இருக்கட்டும், மேல வேண்டாம். உள்ள பெரிசா ஒண்ணுமில்ல, ஒரு நோட்டு, ரெண்டு பென்சில். ஆனாலும் மடியிலயே இருக்கட்டும்.

மதுரைக்கா? நானும் மதுரைதான். என்ன தொழில்னு கேக்கலாமா? டைல்ஸ் கடை. நல்லது. புத்தகம் கித்தகம் எழுதுற பழக்கம் உண்டா? சொந்தத்துல பத்திரிகைக்காரங்க யாராச்சும்? இல்லல்ல. சும்மா கேட்டுக்கிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. சூடு கண்ட பூனை நான்.

என் பேரு வெயில்முத்து. முப்பத்திரண்டு வருஷம் கெமிஸ்ட்ரி வாத்தியார், பிளஸ் ஒன், பிளஸ் டூ. போன மே மாசம் ரிட்டயர் ஆனேன். எந்த ஸ்கூல்னு சொல்ல வேண்டாம்னு பாக்குறேன். நடந்ததச் சொன்னாப் போதும்ல.

நான் சந்தேகப்படுற ஆள் இல்ல தம்பி. அத முதல்லயே சொல்லிக்கிறேன். கவனமா இருக்குற ஆளு. ரெண்டும் வேற வேற. லேப்ல ஒரு பாட்டில்ல தண்ணின்னு லேபிள் ஒட்டியிருந்தா எடுத்துக் குடிச்சுருவமா? மாட்டோம். அந்தக் கவனம் மனுசங்க விசயத்துலயும் வேணும்னு நெனக்கிறவன். எனக்குக் கல்யாணம் ஆகல. ஏழு எடத்துல பொண்ணு பாத்தாங்க. ஏழு எடத்துலயும் எதையோ மறைச்சாங்க. என்னத்தன்னு கடைசி வரைக்கும் கண்டுபிடிக்க முடியல, அவ்வளவு சாமர்த்தியமா மறைச்சாங்க. அதனால நானும் எங்க அம்மாவுமா இருந்துட்டோம். அப்பா மளிகைக் கடை வச்சிருந்தார். அவரு போனதுக்கப்புறம் அம்மாதான் கடைய நடத்தி என்னப் படிக்க வச்சாங்க. இப்ப எண்பத்தோரு வயசு. கண்ணு கொஞ்சம் மங்கல். காது மட்டும் துல்லியம்.

அந்தம்மா விசயத்துக்கு வாரேன். பேரு லில்லிபுஷ்பம். எங்க லேப் அசிஸ்டெண்ட். பிப்பெட் கழுவுறது, பியூரெட்ட ஸ்டாண்டுல மாட்டுறது, ஆசிட் அளந்து கலக்கி வைக்கிறது, அதுதான் வேல. பி.எஸ்சி. படிச்சவங்க. அதுக்கு மேல படிக்க முடியலன்னு சொல்லுவாங்க. பதினாலு வருஷம் என்கூட வேல பாத்தாங்க. பதினாலு வருஷத்துல ஒரு பீக்கர் உடைஞ்சதில்ல. யோசிச்சுப் பாருங்க தம்பி, கண்ணாடிச் சாமான்ல பதினாலு வருஷம் புழங்குறாங்க, ஒண்ணு கூட உடையல. அப்படி ஒருத்தரால இருக்க முடியுமா? அப்பவே எனக்கு ஒரு உறுத்தல்.

லேப்ல ஒரு பழைய பீரோ உண்டு. அதுல கெமிஸ்ட்ரி வரலாறு பத்தின இங்கிலீஷ் புத்தகங்க முப்பது நாப்பது இருக்கும். எந்தத் தனிமத்த யாரு கண்டுபிடிச்சாங்க, எப்படிக் கண்டுபிடிச்சாங்கன்னு. எந்தக் காலத்துலயோ யாரோ வாங்கிப் போட்டது. சாவி என்கிட்ட. நான் அதப் படிச்சதில்ல, நேரம் கெடைக்கல. ஆனா பத்திரமா வச்சிருந்தேன். அந்தம்மா வந்து கேப்பாங்க. வாரத்துக்கு ஒண்ணு, கையெழுத்து வாங்கிட்டுக் குடுப்பேன். திரும்பி வரும்போது பக்கத்தச் சரி பாப்பேன். ஒரு பக்கம் கொறஞ்சதில்ல, ஒரு ஓரம் மடங்கினதில்ல. அங்கயும் ஒரு உறுத்தல்தான்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடின்னு வைங்க. மத்தியானச் சாப்பாட்டு நேரத்துல வேப்பமரத்தடியில பிள்ளைகளக் காணோம். வழக்கமா நாப்பது அம்பது பிள்ளைக உக்காந்து சாப்பிடும். ஒண்ணு ரெண்டு நாள் பாத்தேன். மூணாம் நாள், எல்லாம் தட்டக் கழுவிட்டு லேப் பக்கமாப் போகுதுக. லேப்ல மத்தியானம் என்ன வேல? பின்பக்கக் கதவு ஒண்ணு இருக்கு, அதுல ஒரு கண்ணாடி உடைஞ்சு அட்ட வச்சு அடைச்சிருக்கும். அந்த அட்டைய லேசா விலக்கிட்டு நின்னேன். ஒட்டுக் கேட்டேன்னு சொல்லாதீங்க. லேப் இன்சார்ஜ் நான். எனக்குப் பொறுப்பு இருக்கு.

அந்தம்மா கதை சொல்லிக்கிட்டிருக்காங்க. ஜெர்மனியில ஹாம்பர்க்னு ஒரு ஊரு. அங்க பிராண்ட்னு ஒருத்தர். தங்கம் மஞ்சளா இருக்கு, மூத்திரமும் மஞ்சளா இருக்கு, அப்ப மூத்திரத்துலேருந்து தங்கம் எடுக்கலாம்னு அவருக்கு ஒரு யோசன. தொட்டி தொட்டியாச் சேத்து வச்சு, அழுக விட்டு, வத்த வத்தக் காய்ச்சுறாரு. ஊரே மூக்கப் புடிச்சுக்கிட்டு ஓடுது. தங்கம் வரல. கடைசில இருட்டுல தானா வெளிச்சம் விடுற ஒரு சாமான் வந்துச்சு. அதுதான் பாஸ்பரஸ். பிள்ளைக உருண்டு உருண்டு சிரிக்குதுக. ஒரு பொம்பளப் பிள்ள எந்திரிச்சு, அதுதான் எங்க அம்மா ஒட்டுற தீப்பெட்டில இருக்கா டீச்சர்னு கேட்டுச்சு. ஆமா, பெட்டியோட பக்கவாட்டுல உரசுற எடத்துல அந்தப் பாஸ்பரஸ் குடும்பத்துக்காரன் ஒருத்தன் சிவப்புச் சட்ட போட்டு உக்காந்திருக்கான்னு சொல்றாங்க அந்தம்மா.

அது எனக்குப் பெரிசாப் படல. 'டீச்சர்'னு கூப்பிட்டுச்சு பாருங்க, அதுதான். லேப் அசிஸ்டெண்ட் எப்படி டீச்சர் ஆவாங்க? சொல்லிக் குடுக்காம அந்த வார்த்த பிள்ளைக வாயில வருமா?

தலைமையாசிரியர்கிட்டப் போயி, லேப்ல கூட்டம் சேருது, ஆசிட் இருக்குற எடம், ஆபத்துன்னு சொன்னேன். அவரு சிரிச்சுக்கிட்டே, நீங்களும் போய் உக்காந்து கேளுங்க சார், நான் ரெண்டு தடவ கேட்டுட்டேன்னாரு. அன்னையிலேருந்து அவரையும் கொஞ்சம் தள்ளியே வச்சேன். அவரு டிபன் பாக்ஸும் அந்தம்மா டிபன் பாக்ஸும் ஒரே மாதிரி. பச்சை மூடி. சும்மா கவனிச்சேன், அவ்வளவுதான்.

விருதுநகர் வந்துருச்சா? டீ வேணும்னா எறங்கிக் குடிச்சுட்டு வாங்க, நான் எடத்தப் பாத்துக்கிறேன். வேண்டாமா? நானும் வெளியில குடிக்கிறதில்ல.

அதுக்கடுத்த கோடை லீவுல கொழுந்து போன் பண்ணினான். திருமலைக்கொழுந்து, என்கூடக் காலேஜ்ல படிச்சவன், மதுரையில சின்னதா ஒரு பதிப்பகம் நடத்துறான். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குத் தனிமங்கள் கண்டுபிடிச்ச வரலாறு தமிழ்ல ஒரு புத்தகம் வேணும், நீதான் எழுதணும்னான். நான் ஒத்துக்கிட்டேன். ரிட்டயர் ஆகப் போற நேரம், பேரு சொல்ல ஒண்ணு இருக்கட்டுமே.

உக்காந்து எழுதினேன். 'தனிமங்கள் நூற்றுப் பதினெட்டு. அவை பல்வேறு காலங்களில் பல்வேறு அறிஞர்களால் கண்டுபிடிக்கப்பட்டன.' இது முதல் வரி. நல்ல வரிதான? அதுக்கடுத்த வரி வரல. ஏப்ரல்ல வரல, மே மாசம் வரல. மனசுக்குள்ள எல்லாம் இருக்கு தம்பி, முழுப் புத்தகமும் இருக்கு. பேனா வரைக்கும் வர மாட்டேங்குது.

ஜூன்ல ஸ்கூல் தொறந்துச்சு. ரெண்டாவது வாரம் அந்தம்மா ஒரு நோட்டக் கொண்டாந்து மேசையில வச்சாங்க. பெரிய நோட்டு, காக்கி அட்ட போட்டது. "சார், பிள்ளைகளுக்குச் சொல்றத எழுதி வச்சிருக்கேன். தப்புத் தவறு இருந்தாத் திருத்திக் குடுங்க. அவசரமில்ல" அப்படின்னாங்க.

நீங்களே சொல்லுங்க. நான் புத்தகம் எழுதப் போறேன்னு யாருக்கும் சொல்லல. அம்மாகிட்ட மட்டும்தான் சொன்னேன். அந்த நேரம் பாத்து நோட்டு வருது. தற்செயலா? ஒரு வாரம் நான் அதத் தொடவே இல்ல. மேசை டிராயர்ல ஸ்கேலாலயே தள்ளி விட்டு மூடிட்டேன். கைரேகை பதியும்ல.

அப்புறம் வீட்டுக்குக் கொண்டு போனேன். எதுக்குன்னா, என் மனசுல இருந்தத அந்தம்மா எடுத்துட்டாங்களான்னு பாக்கணும்ல, அதுக்காக. அட்டையத் தொறந்தேன். உள்பக்கம் தேதி போட்டிருந்துச்சு. நான் எழுத ஒத்துக்கிட்டதுக்கு நாலு வருஷம் முந்தின தேதி. படிச்சேன். நான் எழுத நெனச்சது அப்படியே இருக்கு. ஷீலேன்னு ஒரு மருந்துக்கடைக்காரர், கண்டுபிடிச்ச சாமானையெல்லாம் நாக்குல வச்சுப் பாப்பாராம். டேவின்னு ஒருத்தர், பொட்டாசியம் உருண்டையா மின்னிக்கிட்டு வந்ததப் பாத்ததும் லேப்புக்குள்ளயே குதிச்சு ஆடினாராம். எல்லாம் என் மனசுல இருந்தது. நாலு வருஷத்துக்கு முன்னாடியே எழுதி வச்சு என்கிட்டேருந்து திருடியிருக்காங்க. எவ்வளவு திட்டம் இருந்தா முடியும் பாருங்க.

சிரிக்கிறீங்க. எல்லாருக்கும் சிரிப்பாத்தான் இருக்கும்.

என்னோடத நான் எடுத்துக்கிட்டேன். ஆறு மாசம், தெனமும் ஸ்கூல் விட்டு வந்து உக்காந்து, என் கையெழுத்துல எழுதினேன். சும்மா எழுதல, திருத்தி எழுதினேன். 'டேவி குதித்து ஆடினார்'னு இருந்துச்சு. 'டேவியால் மகிழ்ச்சி வெளிப்படுத்தப்பட்டது'ன்னு மாத்தினேன். 'காய்ச்சினார்'னு இருந்த எடத்துலயெல்லாம் 'கொதிநிலைக்கு உட்படுத்தினார்'னு போட்டேன். அதுதான் எழுத்து. கொழுந்துக்கு அனுப்பினேன். படிச்சுட்டுப் போன் பண்ணினான். "முத்து, அந்த 'உட்படுத்தினார்' எல்லாத்தையும் எடுத்துட்டேன், மத்ததெல்லாம் தேன் மாதிரி இருக்கு, உன்கிட்ட இத நான் எதிர்பாக்கல"ன்னான். எதிர்பாக்கலன்னா என்ன அர்த்தம்? அவன் மேலயும் எனக்கு ஒரு உறுத்தல் இருக்கு.

இடையில அந்தம்மா ரெண்டு தடவ கேட்டாங்க, நோட்டுப் பாத்தாச்சா சார்னு. பாத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். பொய் இல்லையே, பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். அப்புறம் கேக்கல. கேக்காததுதான் எனக்கு ரொம்ப உறுத்துச்சு. ஒருத்தங்க தன்னோட பொருளக் கேக்காம இருப்பாங்களா? தன்னோடது இல்லன்னு மனசுக்குத் தெரிஞ்சிருக்கு. நான் அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

பிப்ரவரியில புத்தகம் வந்துச்சு. எங்க ஸ்கூல் மண்டபத்துலயே வெளியீடு. எனக்கு மாலை, சால்வை. பிள்ளைகளெல்லாம் தரையில. அம்மாவ முன் வரிசையில உக்கார வச்சிருந்தேன், பட்டுச் சேல கட்டி வந்திருந்தாங்க. அந்தம்மா மூணாவது வரிசையில, ஓரத்து நாற்காலியில. அவங்களுக்கு அழைப்பு நான் குடுக்கல, தலைமையாசிரியர் குடுத்திருக்காரு.

சிறப்பு விருந்தினரா ஒரு பெண்கள் கல்லூரியோட பழைய முதல்வரம்மா வந்திருந்தாங்க. நல்லாப் பேசினாங்க. பேசிக்கிட்டே வந்து, இந்தப் புத்தகத்துல ஒரு எடம் என்னய அழ வச்சிருச்சு, அத வாசிக்கிறேன்னு எடுத்தாங்க. அலுமினியம் பத்தின அத்தியாயம். எனக்கு மனப்பாடம் தம்பி. எழுதினவனுக்கு மனப்பாடமா இருக்காதா?

'ஒரு காலத்தில் அலுமினியம் தங்கத்தைவிட அருமையாக இருந்தது. மண்ணிலிருந்து அதைப் பிரித்தெடுக்க யாருக்கும் சுலபமான வழி தெரியவில்லை. பிரான்ஸ் தேசத்து அரசர் விருந்து வைத்தால் மிக முக்கியமானவர்களுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி, மற்றவர்களுக்குத் தங்கக் கரண்டி என்று சொல்வார்கள். என் அம்மா பட்டாசு ஆபீசில் அலுமினியப் பொடி சலித்தாள். சாயங்காலம் வரும்போது முழங்கை வரைக்கும் வெள்ளியாக இருப்பாள். சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள். போகாது. அந்தக் கையால்தான் எங்களுக்குச் சோறு பிசைந்து தருவாள். அரசர் வீட்டில் ஒருவருக்கோ இருவருக்கோ கிடைத்தது எங்களுக்குத் தினமும் கிடைத்தது.'

அந்த 'என் அம்மா' எப்படி அங்க வந்துச்சுன்னு எனக்கு இன்னமும் புரியல. எழுதும்போது அந்த எடம் வந்ததும் எந்திரிச்சுப் போயி அம்மாவ ஒரு தடவ பாத்துட்டு வந்து உக்காந்தேன். அதுல கவனிக்கல. ஒரு தடவ கவனம் தப்பினேன் தம்பி, வாழ்க்கையில ஒரே ஒரு தடவ.

முதல்வரம்மா வாசிச்சு முடிச்சுட்டு மேடைய விட்டே எறங்கிட்டாங்க. கையில மைக்கோட. இவ்வளவு கஷ்டப்பட்டு இவரப் படிக்க வச்ச அம்மா முன்னாடியே உக்காந்திருக்காங்கன்னு யாரோ சொல்லியிருக்காங்க. நேரா எங்க அம்மாகிட்ட வந்து ரெண்டு கையையும் புடிச்சு, "இந்தக் கையாம்மா?"ன்னு கேட்டாங்க.

அம்மா கையக் குனிஞ்சு பாத்தாங்க. நான் மேடையிலேருந்து தலைய ஆட்டுறேன், ஆமான்னு சொல்லட்டுமேன்னு. அம்மாவுக்குக் கண்ணு மங்கல், நான் ஆட்டுறது தெரியல. தெரிஞ்சும் தெரியாத மாதிரி இருந்தாங்களோ என்னமோ.

"இல்ல தாயி. இது மளிகைக் கட கை. புளியும் வெல்லமும் அளந்த கை. பட்டாசு ஆபீசுக்கு நான் போனதே இல்ல" அப்படின்னாங்க.

மெதுவாத்தான் சொன்னாங்க. மைக்கு அவங்க மொகத்துக்கு நேரா இருந்துச்சு. மண்டபம் பூரா கேட்டுருச்சு. தரையில உக்காந்திருந்த பிள்ளைக மட்டும் அப்படியே தலையத் திருப்பி மூணாவது வரிசையப் பாத்துச்சுக. எல்லாப் பிள்ளைகளும். ஏற்கனவே கேட்ட கதைதான அதுகளுக்கு. நான் இன்னைக்கும் சொல்லுவேன், ஒத்திக பாக்காம அத்தன தல ஒரே நேரத்துல திரும்பாது.

அந்தம்மா தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாங்க. எங்க அம்மா எந்திரிச்சு, சேலைய இழுத்துச் செருகிக்கிட்டு, வரிசைக்கு வரிச நாற்காலியப் புடிச்சுப் புடிச்சு அவங்ககிட்டப் போனாங்க. பக்கத்துல இருந்த ஆளு எந்திரிச்சு எடம் விட்டாரு.

"ஒங்க அம்மாவா தாயி?"

"ஆமாம்மா."

"இருக்காகளா?"

"இல்லம்மா. நான் பத்தாவது படிக்கும்போது போய்ட்டாங்க. நெஞ்சுல பொடி சேந்துருச்சுன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான் பேசினாங்க. அம்மா அந்த நாற்காலியிலயே உக்காந்துட்டாங்க, அந்தம்மா கையப் புடிச்சுக்கிட்டு. கூட்டம் முடியுற வரைக்கும் முன் வரிசைக்குத் திரும்பி வரல. என்னயப் பெத்த அம்மாவ மேடையிலேருந்து பாத்துக்கிட்டு நிக்கிறேன், சால்வையோட. தலைமையாசிரியர் ஓடி வந்து மைக்க வாங்கி, ஆசிரியரும் ஆய்வக உதவியாளரும் சேந்து உழைச்ச உழைப்புன்னு ஏதோ சொல்லிச் சமாளிச்சாரு. நான் கேட்டனா அவர? சமாளிக்கிறவன் எல்லாம் எதையோ மறைக்கிறவன்தான்.

அந்தம்மா அன்னைக்கே எந்திரிச்சு நின்னு இது என் நோட்டுன்னு கத்தியிருந்தா நானும் பதில் சொல்லியிருப்பேன். என்கிட்டப் பதில் இருந்துச்சு. அவங்க என்னடான்னா மறுநாள் காலையில லேப்புக்கு வந்து வழக்கம் போலக் குட் மார்னிங் சார்னுட்டு பியூரெட் கழுவுறாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?

வீட்டுல அம்மா மூணு நாள் என்கூடப் பேசல. நாலாம் நாள் சாயங்காலம் நான் வரும்போது டிராயர் தொறந்து கெடக்கு, காக்கி நோட்டக் காணோம். யாரு எடுத்தான்னு கேட்டேன். அம்மா அரிசி பொடைச்சுக்கிட்டே, "குடுக்க வேண்டியவங்ககிட்டக் குடுத்துட்டேன்யா"ன்னாங்க. ஒரு தினத்தந்திப் பேப்பர்ல சுத்தி, முக்கால் மைல் நடந்து போயிக் குடுத்துட்டு வந்திருக்காங்க. எண்பத்தோரு வயசுல. அந்தம்மா ஏதோ காப்பி கீப்பி குடுத்திருக்காங்க. அதுல என்ன இருந்துச்சோ, அன்னையிலேருந்து வாரா வாரம் ஞாயித்துக்கிழம அங்க போக ஆரம்பிச்சுட்டாங்க.

கொழுந்து புத்தகத்த விக்கிறத நிறுத்திட்டான். அவன் அந்தம்மாவப் போய்ப் பாத்திருக்கான். உங்க பேர்ல புதுசாப் போடுறேன்னு சொல்லியிருக்கான். அந்தம்மா என்ன சொன்னாங்களாம் தெரியுமா? ரெண்டு பேரு பேரையும் போடுங்க, சார்தான பீரோவத் தொறந்து புத்தகம் குடுத்தாரு, அவரு குடுக்கலன்னா நான் எங்க போய்ப் படிச்சிருப்பேன், அவரு சம்மதிச்சுக் கையெழுத்துப் போட்டாப் போடுங்க, இல்லன்னா வேண்டாம்னுட்டாங்களாம். எதுக்கு அப்படிச் சொன்னாங்க? என்னயும் கூட்டுக் களவாணி ஆக்கவா? கொழுந்து ஒரு தாள அனுப்பி வச்சிருக்கான். கையெழுத்துப் போட்டு அனுப்பு, பிள்ளைக கேக்குதுக, புத்தகம் உன்னாலதான் நிக்குதுன்னு எழுதியிருக்கான். நான் போடல. தெரியாம எதுலயும் கையெழுத்துப் போடுற ஆளில்ல நான்.

கள்ளிக்குடி தாண்டிட்டமா? சரி, இன்னும் நேரம் இருக்கு.

ரிட்டயர் ஆனதுக்கப்புறம் ஒரு ஞாயித்துக்கிழம அம்மா பின்னாடியே போனேன். அங்க என்னதான் நடக்குதுன்னு பாத்துரணும்னு. சின்ன வீடு, ஓடு போட்டது. பக்கத்துல ஒரு முருங்க மரம். அதுல சாஞ்ச மாதிரி நின்னா உள்ள பேசுறது கேக்கும். அம்மா ஊஞ்சல் பலகையில உக்காந்திருக்காங்க, அந்தம்மா கீழ உக்காந்து வாசிக்கிறாங்க. புதுசா எழுதினது. ஹீலியம் பத்தி.

நூத்தம்பது வருஷத்துக்கும் முன்னாடி ஒரு முழு சூரிய கிரகணம். அதப் பாக்க வெளிநாட்டுலேருந்து கப்பல்ல வந்து, ஆந்திரா பக்கம் குண்டூர்ல கருவிய வச்சுக்கிட்டுக் காத்துக் கெடக்காங்க. சூரியன நெலா முழுசா மறைச்ச அந்தக் கொஞ்ச நேரத்துல ஓரத்துல தெரிஞ்ச வெளிச்சத்தப் பிரிச்சுப் பாத்தா ஒரு மஞ்சக் கோடு. சோடியமா இருக்கும்னு நெனச்சாங்க. சோடியத்தோட கோடு அந்த எடத்துல வராது. பூமியில இருக்குற எந்தப் பொருளுக்கும் அந்தக் கோடு இல்ல. சூரியன்ல மட்டும் இருக்குற ஏதோ ஒண்ணுன்னு நெனச்சு ஹீலியம்னு பேரு வச்சாங்க. பாதிப் பேரு நம்பல. இருபத்தேழு வருஷம் கழிச்சு லண்டன்ல ஒருத்தர் ஒரு கல்ல ஆசிட்ல போட்டாரு. அதுலேருந்து வந்த வாயுவப் பிரிச்சுப் பாத்தா அதே மஞ்சக் கோடு.

அம்மா கேட்டாங்க, "அந்த இருவத்தேழு வருசமும் அது எங்கதான் இருந்துச்சாம் தாயி?"ன்னு.

அந்தம்மா நோட்டப் பாத்தே வாசிச்சாங்க, அதுக்கடுத்த வரியே அதுதான் போல. "இங்கேயேதான் இருந்தது. எல்லாரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்."

எனக்குக் கால் மரத்துப் போச்சு தம்பி. நகரணும்னு தோணல. உள்ள இன்னும் கொஞ்ச நேரம் வாசிச்சாங்க, நின்னு கேட்டேன். அப்புறம்தான் ஒண்ணு உறைச்சுது. ஹீலியம் அந்தக் காக்கி நோட்டுல இல்ல. என் புத்தகத்துல இல்ல. என் மனசுல இருந்துச்சான்னு தேடிப் பாத்தேன், அங்கயும் இல்ல. அப்ப இத யாருகிட்டேருந்து எடுத்தாங்க?

அம்மா வெளிய வந்து முருங்கமரத்துப் பக்கம் பாத்தாங்க. கண்ணு மங்கல்தான், நிக்கிறது நான்னு தெரிஞ்சிருச்சு. ஏன் வந்தன்னு கேக்கல. "உள்ள வந்து உக்காந்து கேட்டிருக்கலாம்லய்யா. கால் வலிக்கும்ல"ன்னாங்க.

வீட்டுக்கு வர்ற வழியிலயே சொல்லிட்டேன். அந்த 'அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள்' வரி எந்தப் புத்தகத்துலேருந்து எடுத்ததுன்னு நான் கண்டுபிடிப்பேன். எங்கயும் இல்லன்னு ஆயிருச்சுன்னா, கொழுந்து அனுப்பின தாள்ல கையெழுத்துப் போட்டுடுறேன்னு. அம்மா, சரிய்யா, தேடுன்னாங்க. சனிக்கிழம சனிக்கிழம புளியோதரை கட்டிக் குடுத்து அனுப்புறாங்க.

மதுரையில பெரிய நூலகம் இருக்குல்ல, அங்கதான் போய்க்கிட்டிருக்கேன். இன்னைக்குப் பதினோராவது சனிக்கிழம. வேதியியல், வானவியல், ரெண்டு பகுதியும். இங்கிலீஷ்ல இருக்குறத அகராதி வச்சுப் படிக்கிறேன். முப்பத்திரண்டு வருஷத்துல படிக்காதத இந்தப் பதினோரு வாரத்துல படிச்சுட்டேன். பொழுது போறதே தெரியல தம்பி. அந்த ஹாம்பர்க்காரன் கதையெல்லாம் எவ்வளவு பெரிசு தெரியுமா? அந்தம்மா பாதிதான் சொல்லியிருக்காங்க. இன்னொரு நாளைக்குப் பிள்ளைகளுக்கு மீதியச் சொல்லச் சொல்லணும்.

எல்லாப் புத்தகத்துலயும் கிரகணம் இருக்கு. குண்டூர் இருக்கு. மஞ்சக் கோடு இருக்கு, இருபத்தேழு வருஷமும் இருக்கு. அந்த வரி மட்டும் இல்ல. ஒரு புத்தகத்துலயும் இல்ல.

கெடைக்காமப் போச்சுன்னா என்ன பண்ணுவீங்கன்னு நீங்க கேக்குறீங்க. கேக்கலாம். சொன்னபடி அந்தத் தாள்ல கையெழுத்துப் போடணும். ஒரே ஒரு ரேக்குதான் பாக்கி. கிழக்குச் சுவரோரமா, கீழேருந்து மேல வரைக்கும் எண்ணினா எழுபது புத்தகம் வரும். ஒரு நாள் வேல. மூணு சனிக்கிழமையா அது முன்னாடி நாற்காலியப் போட்டு உக்காந்திருக்கேன். ஏற்கனவே படிச்ச புத்தகத்தையே எடுத்து வச்சு மறுபடியும் படிச்சுட்டு, அஞ்சு மணி பஸ்ஸுக்குக் கெளம்பி வந்துடுறேன்.